எதிர்ப்பக்கத்து எழுத்து

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளை எல்லோரும் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடமாக மரபணு வரைபடங்களை வாசிக்கிறாள். ஓர் எழுத்து பிசகினாலும் அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. சும்மா சொல்லக்கூடாது, பெயருக்கு ஏற்றவள்தான். அந்தப் பெருமை அவளுக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது.

அதே அறையில் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவள் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. தம்பிக்கு இவளைப் பெண் கேட்டதும் அவள்தான், இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். அப்படி ஒட்டி உறவாடிய இரண்டு பேருக்கும் ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பூதக்கண்ணாடியின் மகள் கணக்குப் பரீட்சையில் முட்டை வாங்கிக்கொண்டு வந்ததில் ஆரம்பித்தது. விடைத்தாளைப் பார்த்த நாத்தனார், "மூக்கு எங்க வீட்டு மூக்கு. மூளைதான் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல" என்றாள். சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் யாரிடம் போய் எதைச் சொல்வது என்று ஒரு கணக்கு வேண்டாமா? "பாதி உங்க தம்பி கொடுத்தது அண்ணி. வேலை செய்யாத பாதி அதுவா இருக்கும்" என்று இவள் திருப்பிக் கொடுத்தாள். அன்றோடு சரி. ஒருத்தி வடக்கே பார்த்தால் இன்னொருத்தி தெற்கே பார்ப்பாள். நடுவில் காகிதத் தட்டு மட்டும் போய்வரும்.

இந்தக் காகிதத் தட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

நம் உடம்பில் எந்தச் செல்லைப் பிரித்தாலும் உள்ளே டி.என்.ஏ என்கிற அந்த முறுக்கின ஏணி இருக்கிறது. ஏணிக்கு இரண்டு பக்கம். அதில் நான்கே நான்கு எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. ஒரு பக்கத்தில் ஏ இருந்தால் எதிரே டி. ஜி இருந்தால் எதிரே சி. இதில் எந்தச் சமரசமும் இல்லை. எழுத்துகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதில்தான் விஷயமெல்லாம் இருக்கிறது. கண்ணின் நிறத்திலிருந்து கல்லீரல் செய்யும் வேலை வரை அந்த வரிசையில்தான் எழுதி வைத்திருக்கிறது. ஒரு பக்கம் கையில் இருந்தால் மறுபக்கத்தைத் தானாக எழுதிவிடலாம். செல் இரண்டாகப் பிரியும்போது உடம்பும் அதைத்தான் செய்கிறது, ஏணியை நடுவே பிளந்து ஒவ்வொரு பாதிக்கும் எதிர்ப்பாதியைக் கட்டிக்கொள்கிறது. இன்னும் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் ஒரே திசையில் ஓடாது. ஒன்று மேலே போனால் மற்றது கீழே வரும்.

ஆகவே கூடத்தில் ஒரு வழக்கம். நோயாளியின் மரபணுத் துண்டை இயந்திரம் இரண்டு முனையிலிருந்தும் படித்து இரண்டு வரைபடம் தரும்; அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கோடு எழும்பி நிற்கும். இடது முனை வரைபடத்தைப் பூதக்கண்ணாடி வாசிப்பாள், அது நேர்ப்பக்கம். வலது முனை வரைபடம் எதிர்ப்பக்கத்தைக் காட்டும். அதை நாத்தனார் வாசித்து, ஒவ்வொரு எழுத்தையும் அதன் ஜோடிக்கு மாற்றி, திசையையும் திருப்பி எழுதித் தட்டில் வைப்பாள். இரண்டு தாளும் ஒத்துப்போனால் இரண்டு கையெழுத்து. ஒருத்தி வாசித்ததை இன்னொருத்தி முன்கூட்டிப் பார்க்கக் கூடாது.

சனிக்கிழமை நாத்தனார் விடுப்பு. அன்றைக்குப் பார்த்து ஓர் அவசர ரத்த மாதிரி வந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், வயது நாற்பத்தொன்பது, குடலில் புற்றுநோய். திங்கட்கிழமை மருந்து ஏற்றப் போகிறார்கள். அந்த மருந்து வேலை முடிந்ததும் அதை உடைத்து வெளியே தள்ள உடம்பில் ஒரு மரபணு சரியாக இருக்க வேண்டும். அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஏ இருந்தால் நல்லது. டி இருந்தால் கெட்டது. அப்பா கொடுத்தது, அம்மா கொடுத்தது என்ற இரண்டு பிரதியிலும் டி இருந்துவிட்டால் மருந்து உடம்பிலேயே தங்கி விஷமாகிவிடும், ஆளையே முடித்துவிடும்.

இடது முனை வரைபடம் சரியாக வரவில்லை. அந்த இடத்தில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அழுக்காக இருந்தன. வலது முனை வரைபடம் கண்ணாடி மாதிரி சுத்தம். இப்படி ஆனால் நாத்தனாருக்குப் போன் போட்டு வரச் சொல்ல வேண்டும், இல்லை மாதிரியைத் திரும்பவும் இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். போன் போடுவதா? இவள் வலியப் போய்ப் பேசினால் அங்கே ராங்கி இன்னும் கூடும். போடவில்லை. வலது முனை வரைபடத்தைத் தானே எடுத்து வாசித்தாள். அந்த இடத்தில் ஒரே ஓர் உயரமான ஏ நின்றது. அப்புறம் இடது முனையைப் பார்த்தால் அங்கேயும் ஏ மாதிரிதான் தெரிந்தது. பார்க்க நினைத்ததைக் கண் பார்த்துவிடும், அதற்கென்ன. இரண்டு தாளிலும் அவளே எழுதினாள், இரண்டிலும் அவளே கையெழுத்துப் போட்டாள்.

எதிர்ப்பக்கத்து எழுத்தை மாற்றி எழுத வேண்டும் என்று தெரியாதவளா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் பதினொரு வருடமாக வலது முனை எழுத்துகள் நாத்தனார் கையால் மாறிய பிறகுதான் இவள் மேசைக்கு வந்திருக்கின்றன. பழகின கண். வேறு இடமாக இருந்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். ஏ அல்லது ஜி மட்டுமே வரக்கூடிய இடத்தில் டி வந்தால் புதிதாகச் சேர்ந்தவன்கூட நிமிர்ந்து பார்ப்பான். இந்த இடத்தில் வரக்கூடியதே ஏ, டி இரண்டுதான். அவை ஒன்றுக்கொன்று ஜோடி. தப்பு நடந்தால் அச்சு அசல் சரி மாதிரியே இருக்கும்.

அறிக்கையை வாங்கிப்போக டிரைவரின் மகள் வந்தாள். துணிக்கடையில் பில் போடுகிறவள், கடைச் சீருடையிலேயே ஓடி வந்திருந்தாள். "எல்லாம் சரியா இருக்கு, முழு அளவு மருந்தே கொடுக்கலாம்" என்று சொன்னதும் அவள் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். பூதக்கண்ணாடி அவள் தோளைத் தட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு நாத்தனார் சனிக்கிழமைக் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. எழுந்து வந்தாள். பூதக்கண்ணாடியின் மேசை முன்னால் வந்து நின்று ஒரு வரைபடத்தை நீட்டினாள்.

"இதை யார் வாசிச்சது?"

ஒரு வாரத்துக்குப் பிறகு கேட்ட முதல் வார்த்தை இது. பூதக்கண்ணாடிக்கு மூக்கு விடைத்தது. "நான்தான். கையெழுத்து தெரியுதுல்ல."

"ரெண்டுலயும் உன் கையெழுத்துதான் தெரியுது. அதை அப்புறம் பேசிக்கலாம். இந்த ஏ-வுக்கு முன்னாடி என்ன இருக்கு, படி."

"டி."

"பின்னாடி?"

"சி."

"நேர்ப்பக்கத்துல முன்னாடி ஜி, பின்னாடி ஏ வரணும். நீ மாத்தாம அப்படியே எழுதியிருக்க."

பூதக்கண்ணாடி ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் சரியான வரிசைத் தாளை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். அது ஏ இல்லை. நேர்ப்பக்கத்தில் அது டி. இரண்டு பிரதியில் வேறு வேறு எழுத்து இருந்தால் இரண்டு கோடு தெரியும்; இங்கே கோடு ஒற்றையாக, பக்கத்தில் துணை எதுவும் இல்லாமல் நின்றது. இரண்டு பிரதியும் டி.

"பதினோரு மணிக்கு மருந்து ஏத்துறாங்க" என்றாள்.

டிரைவரின் மகளுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார்கள். மருத்துவமனை வார்டு எண்ணுக்குப் போட்டாள், எங்கேஜ்டு. மறுபடி போட்டாள், மறுபடியும் எங்கேஜ்டு. வரவேற்பில் ஒரு பெண் எடுத்து, "சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு நோயாளியின் பெயரைக்கூடக் கேட்காமல் வைத்துவிட்டாள். பரிசோதனைக்கூடத்துத் தலைமை டாக்டரின் அறைக்கு ஓடினாள். அவர் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

"திரும்ப ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுவோம். நாலு மணி நேரம்தானே."

"பதினோரு மணிக்கு ஆரம்பிச்சுடுவாங்க சார்."

"உறுதியா தெரியாம நிறுத்தச் சொல்லி, அப்புறம் நாம முதல்ல சொன்னதுதான் சரின்னு வந்தா? அந்த ஆஸ்பத்திரி நம்மகிட்ட இனிமே ஒரு சாம்பிள் அனுப்புமா? கொஞ்சம் பொறுமையா இருங்கம்மா."

பொறுமையாம். பதினொரு வருடமாக அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியதில்லை அவள். இப்போதும் பேசவில்லை, வரைபடத்தை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நாத்தனார் வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்திருந்தாள்.

"ஏறு" என்றாள்.

நாத்தனார் வண்டி ஓட்டும் லட்சணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நடந்து போகிறவன் முந்திக்கொண்டு போவான். அன்றைக்கு அப்படி இல்லை. இரண்டு பேருந்துகளுக்கு நடுவே புகுந்து போனபோது பூதக்கண்ணாடி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் அந்த ஒற்றைக் கோடுதான் நின்றது. முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் ஒரு சரக்கு லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"சனிக்கிழமை எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல" என்றாள் நாத்தனார், திரும்பிப் பார்க்காமல்.

"பண்ணியிருந்தா எடுத்திருப்பீங்களா?"

நாத்தனார் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு, அது ஒன்றுதான் அவளிடம் உள்ள நல்ல குணம் என்று பூதக்கண்ணாடி அடிக்கடி சொல்வாள்.

"எடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் நீ பண்ணியிருக்கணும்."

பூதக்கண்ணாடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் உயிர் போகப் போகிறது, அதற்குக் காரணம் யார் முதலில் பேசுவது என்கிற வீம்பு. வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

"அண்ணி, அவர் செத்துட்டாருன்னா?"

"வாயைக் கழுவு. பச்சை விழுந்துடுச்சு, பிடிச்சுக்கோ."

மருத்துவமனையில் லிஃப்ட் நான்காவது மாடியில் நின்று இறங்க மாட்டேன் என்றது. படிக்கட்டில் ஓடினார்கள். மூன்றாவது மாடியில் நாத்தனார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "நீ போ, எனக்கு மூட்டு வலி" என்று மூச்சிரைத்தாள். பூதக்கண்ணாடி தனியாக ஏறினாள். வார்டுக் கடிகாரம் பதினொன்று ஐந்து.

ஜன்னலோரம் ஏழாவது கட்டில். டிரைவர் தலையணையில் சாய்ந்து, கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் பை தொங்கியது. குழாயில் சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

பூதக்கண்ணாடி நர்ஸிடம் பாய்ந்தாள்.

"இதை நிறுத்துங்க. எப்போ ஆரம்பிச்சீங்க?"

"பத்து அம்பத்தி மூணு. நீங்க யாரு?"

"லேப்ல இருந்து வர்றேன். நாங்க கொடுத்த ரிப்போர்ட் தப்பு. இந்த மருந்து இவருக்கு ஆகாது."

நர்ஸ் நிதானமானவள். "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்கார். அவர் சொல்லாம நான் நிறுத்த முடியாது. மருந்து ஏத்தச் சொன்னதும் உங்க ரிப்போர்ட்தான், இப்போ வேண்டாங்கறதும் நீங்கதான். நான் எதை நம்ப?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல நேரம்தான் இல்லை. ஒவ்வொரு சொட்டும் விழுவது பூதக்கண்ணாடிக்குக் கேட்கிற மாதிரியே இருந்தது. கட்டிலில் மாட்டியிருந்த அட்டையை எடுத்தாள், நர்ஸின் பையிலிருந்தே பேனாவை உருவினாள், நின்றபடியே எழுதினாள்: 'சனிக்கிழமை அறிக்கையை வாசித்தது நான். தவறாக வாசித்தேன். மருந்தை உடனே நிறுத்தவும்.' கீழே கையெழுத்து, தேதி, நேரம்.

"டாக்டர் வந்து திட்டட்டும். அந்தத் திட்டு எனக்கு. வேலை போனா என் வேலை. இதை மூடுங்க முதல்ல, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நர்ஸ் எழுத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். கை நீட்டிக் குழாயின் சக்கரத்தை உருட்டினாள். பாதியில் தொங்கிய சொட்டு விழவில்லை. பதினைந்து நிமிடம் உள்ளே போயிருந்தது.

டிரைவரின் மகள் எழுந்து நின்றாள். "எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்களே" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"தப்பா சொல்லிட்டேன்மா."

"எங்கப்பா உயிரும்மா அது."

பூதக்கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நாத்தனாரும் வந்து நின்றாள். அவர் அட்டையைப் படித்தார், வரைபடத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பூதக்கண்ணாடி விரலால் காட்டினாள், முன்னால் டி, பின்னால் சி. அவர் முகம் மாறியது. பையைக் கழற்றச் சொன்னார். புது ரத்தம் எடுத்து மறுபடி பார்க்கச் சொன்னார். அப்புறம் அவளைப் பார்த்து ஐந்து நிமிடம் பேசினார். அந்தப் பேச்சை இங்கே எழுதுவதற்கில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு கட்டிலில் இருந்தவர் வாயைத் திறந்தார். "ஏம்மா, உள்ள போனது என்ன பண்ணும்?"

"தெரியலைங்க. நாலஞ்சு நாள்ல ரத்த அணு குறையுதான்னு பாத்துதான் சொல்ல முடியும்."

"அப்போ எனக்கு மருந்து?"

"வேற மருந்து இருக்கு" என்றார் டாக்டர். "ஆனா இதை மாதிரி வேகமா கேக்காது."

டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்குப் புது ரத்தத்தின் வரைபடங்கள் வந்தன. இரண்டும் சுத்தமாக வந்திருந்தன. இரண்டு பேரும் தனித்தனியாக வாசித்து, தனித்தனியாக எழுதி, தட்டில் வைத்தார்கள். இரண்டிலும் டி. தலைமை டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார், விசாரணை முடியும் வரை பூதக்கண்ணாடி எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று. இரண்டு தாளிலும் ஒரே கையெழுத்து இருந்ததைக் கவனிக்காமல் அறிக்கையை வெளியே விட்ட தானும் அதில் சேர்த்தி என்று அவர் எழுதவில்லை. அதை நாத்தனார் அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். நல்ல வேளை, அவளுக்கும் ஒரு கடிதம் கொடுக்கவில்லை.

அந்த நாலு நாளும் பூதக்கண்ணாடிக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் கணவன் ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தாள். வெள்ளையணு எண்ணிக்கையை மருத்துவமனையில் தினமும் பார்த்தார்கள். நாத்தனார் வார்டு நர்ஸைத் தினமும் கூப்பிட்டுக் கேட்டுச் சொல்வாள். இரண்டாம் நாள் குறைந்தது. மூன்றாம் நாள் இன்னும் குறைந்தது. வாயெல்லாம் புண், காய்ச்சல் என்றாள் நர்ஸ். அன்று மதியம் பூதக்கண்ணாடி கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஐந்தாம் நாள் காலை நாத்தனார் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நின்னுடுச்சு. இதுக்குமேல இறங்கல. காய்ச்சலும் விட்டுடுச்சாம்."

பூதக்கண்ணாடி மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நாத்தனார் அவள் முதுகில் கை வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து விசாரணை முடிந்தது. ஒரு மாதச் சம்பளம் போயிற்று, வேலை தப்பியது. மறுபடி வாசிக்க உட்கார்ந்த இரண்டாம் நாள், வரவேற்பில் அவளைத் தேடி யாரோ வந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் டிரைவரின் மகள். அதே கடைச் சீருடை.

"அப்பாவுக்கு என்னம்மா?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. புது மருந்து போயிட்டிருக்கு, மெதுவா கேக்குதுன்னு டாக்டர் சொன்னார். நான் எனக்காக வந்தேன். என்னையும் டெஸ்ட் பண்ணிக்கச் சொன்னாங்க."

"அப்பாகிட்ட ரெண்டும் கெட்டது. அதனால ஒண்ணு உங்ககிட்ட கண்டிப்பா இருக்கும், அதைப் பாக்கவே வேண்டாம். அம்மா கொடுத்தது எதுன்னுதான் பாக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு அவசரமாக, "இந்த ஊர்ல வேற லேப் இருக்குங்க. அங்க பாத்துக்கிட்டா உங்களுக்கு மனசுக்கு நிம்மதியா இருக்கும். முகவரி தர்றேன்" என்றாள்.

"நானும் அதைத்தான் சொன்னேன். அப்பாதான் கேக்கல." மகள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "'ஒரு தடவை இடிச்ச டிரைவர் அப்புறம் கண்ணாடியப் பாக்காம வண்டியப் பின்னாடி எடுக்க மாட்டான். அந்தம்மாகிட்டயே போ'ன்னார். எனக்கு இன்னும் உங்க மேல கோபம் இருக்கு. இருந்தாலும் நீங்களே வாசிங்க."

பூதக்கண்ணாடி கையுறையை எடுத்தாள். ஒரு கையில் போட்டாள். இன்னொரு கையில் விரல் நுழையவில்லை. உள்ளே திரும்பி, "அண்ணி, கொஞ்சம் வாங்க" என்றாள். "ரத்தத்தை நீங்க எடுங்க. எனக்குக் கை நிக்கல. வாசிக்கறதை நான் வாசிக்கறேன்."